நாளைக்கான கவலையும் விசுவாசமும்: கேள்வி பதில்

வேலை போய்விட்டது. 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்கிற மத்தேயு 6 வாசித்தும் தூக்கம் வரவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?

தூக்கத்தை வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள். உங்களுக்குத் தேவையே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. இவையெல்லாம் வேண்டும் என்று பிதா அறிந்திருக்கிறார் என்றுதான் சொன்னார் (6:32). ஒவ்வொரு நாளுக்கும் அதன் பாடு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறார். நாளைய பாட்டை இன்றே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான். ஜெபியுங்கள், விண்ணப்பம் அனுப்புங்கள், வீட்டாரோடு உட்கார்ந்து செலவைப் பாருங்கள். முக்கியமாக, சபையில் மறைக்காதீர்கள். 'என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்' என்ற பிலிப்பியர் 4:19-ஐப் பவுல் எழுதியது, சிறையிலிருந்த அவருக்கு எப்பாப்பிரோதீத்து கையில் அந்தச் சபையார் உதவி அனுப்பிய பிறகு. மனுஷர் கையால் வந்ததைத்தான் அவர் தேவனுக்கு உகந்த பலி என்கிறார்.

விசுவாசத்தில் கடன் வாங்கித் தொழில் தொடங்கலாமா? கர்த்தர் அடைத்துவிடுவார் அல்லவா?

லூக்கா 14:28. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். கடனுக்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சேமிப்பது அவிசுவாசம்தானே? வனாந்தரத்தில் தினமும் கிடைத்த மன்னா என்ற அப்பத்தை மறுநாளுக்கு மீதி வைத்தபோது அதில் புழு பிடித்ததே!

யாத்திராகமம் 16-ஐப் பாதியில் மூடிவிட்டீர்கள். ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் இரண்டத்தனை சேர்த்தார்கள். மறுநாள் அது நாறவும் இல்லை, புழுக்கவும் இல்லை.

அது கர்த்தர் கட்டளையிட்டதால். நம் வங்கிக் கணக்குக்கு எந்தக் கட்டளை?

நல்ல மடக்கு. சரி, யோசேப்பிடம் போவோம். எகிப்தில் பஞ்சம் வரும் என்று ராஜாவான பார்வோனின் சொப்பனத்தில் தெரிந்தது; ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும் யோசனை யோசேப்பு சொன்னது. கோடையில் சேர்த்து வைக்கும் எறும்பைப் பார்க்கச் சொல்லும் நீதிமொழிகள் 6-க்குச் சொப்பனம்கூடத் தேவைப்படவில்லை.

அப்படியானால் இயேசு சொன்ன உவமையில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியவன் ஏன் மதிகேடன்?

லூக்கா 12:21-லேயே பதில் இருக்கிறது: தனக்காகவே சேர்த்தான், தேவனிடத்தில் ஐசுவரியவானாக இல்லை. யோசேப்பின் களஞ்சியம் பஞ்சத்தில் திறந்தது. இவனுடைய பேச்சு முழுக்க 'என் தானியம், என் ஆத்துமா'. உங்கள் சேமிப்பு யாருக்காவது திறக்குமா? அங்கே சோதித்துப் பாருங்கள், தொகையில் அல்ல.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுத்தால் பணக்காரன் ஆவேனா?

கொடுப்பது லாட்டரிச் சீட்டு அல்ல.

சேமிப்பு பாவமா?

மேலே வாசியுங்கள்.

வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன். இங்கிலாந்தில் ஊழியம் செய்த ஜார்ஜ் முல்லர் சம்பளமில்லாமல் வாழ்ந்தாரே? முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் ஒரு கடன்...

மறுபடியும் கடன்! முல்லர் 1830-இல் சம்பளத்தை விட்டது உண்மை. 1836 முதல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்தார், மனுஷரிடம் பணம் கேட்கவில்லை. ஆனால் கடன் வாங்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். வரவு செலவை அச்சிட்டும் வெளியிட்டார். அந்தப் பாதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பவுல்கூடக் கூடாரத்தொழில் செய்தார். வீட்டில் கேட்டீர்களா? தன் வீட்டாரை விசாரியாதவனைக் கண்டிக்கும் 1 தீமோத்தேயு 5:8 அவர்களைப் பற்றியது.

பணக் கவலையில் படபடப்பு, மூச்சு முட்டுகிறது. எந்த வசனம் சொல்லி ஜெபிக்கலாம்?

கவலைகளையெல்லாம் தேவன்மேல் வைத்துவிடச் சொல்லும் 1 பேதுரு 5:7. ஆனால் முதலில் மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே.

பறவைகளைப் போஷிக்கிறவர் விசுவாசிகளை ஏன் பட்டினி போடுகிறார்?

இதற்கு மழுப்பலாகச் சொல்ல மாட்டேன். பவுலும் பசியும் தாகமும் பட்டார் (2 கொரிந்தியர் 11:27). பசியே வராது என்று யாருக்கும் வாக்குத்தத்தம் இல்லை. காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் பசித்தவனிடம் 'சமாதானத்தோடே போ' என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்புகிறவனைத்தான் யாக்கோபு 2:16 கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வி உங்கள் சபைக்கும் என் சபைக்கும் வந்தது.