கட்டக் கட்டக் குறையாத தீர்ப்புக் கடன்

கேள்வி: என் தம்பி வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை. வழக்கு வந்து, நான் 5,00,000 தர வேண்டும் என்றும் தீர்ப்பு நாளிலிருந்து ஆண்டுக்கு 8 சதவீத வட்டி என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 3 ஆண்டுகளாக ஒரு மாதம்கூடத் தவறாமல் 3,000 கட்டி வருகிறேன். போன வாரம் கடன் கொடுத்தவரின் வக்கீல் அனுப்பிய கணக்கில் பாக்கி 5,12,000 என்று இருக்கிறது. 1,08,000 கட்டிய பிறகு கடன் எப்படி ஏறும்? என்னை ஏமாற்றுகிறார்களா? கையில் சேமிப்பு 1,50,000 இருக்கிறது. அதைக் கொடுத்துவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் எழுதியுள்ள எண்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். இதைச் சொல்ல எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டு மீட்கலாம். இங்கே நடந்திருப்பது வேறு. 3 ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நீங்கள் கொடுத்த பணத்தில் ஒரு காசுகூட அசலைத் தொடவில்லை.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 5,00,000க்கு 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40,000 வட்டி. மாதத்துக்கு 3,333. ஒரு நாளுக்கு ஏறத்தாழ 110. நீங்கள் தூங்கும்போதும் அந்த 110 ஏறுகிறது. நீங்கள் கட்டுவது மாதம் 3,000. ஒவ்வொரு மாதமும் 333 துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 4,000, 3 ஆண்டுக்கு 12,000. அதுதான் அந்த 5,12,000. மாதம் 400 கூடுதலாகக் கட்டியிருந்தால்கூட கடன் ஏறாமலாவது நின்றிருக்கும். இதை உங்களுக்கு அன்றே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

கட்டுகிற பணம் ஏன் அசலில் கழியவில்லை? தீர்ப்பில் வேறு மாதிரி எழுதியிருந்தாலோ இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தாலோ தவிர, பெரும்பாலான இடங்களில் பணத்தை முதலில் வட்டிக்கும் செலவுத்தொகைக்கும் வரவு வைப்பார்கள். மிச்சம் இருந்தால்தான் அசல். 'அசலுக்காகக் கட்டுகிறேன்' என்று ரசீதில் நீங்களாக எழுதிக்கொண்டால் போதாது. எதிர்த்தரப்பு அதற்குச் சம்மதித்து எழுதித் தர வேண்டும்.

ஒரே ஒரு ஆறுதல், உங்கள் கணக்கில் தனிவட்டிதான் ஓடியிருக்கிறது. கட்டாமல் நின்ற வட்டிக்கு வட்டி போடவில்லை. 5,00,000க்கு 8 சதவீதத் தனிவட்டி 10 ஆண்டில் 4,00,000 ஆகும். ஆண்டுக்கொரு முறை கூட்டு வட்டி போட்டால் 5,79,000ஐத் தாண்டும். எனவே இனிமேல் வரும் ஒவ்வொரு கணக்கிலும் வட்டியை எந்தத் தொகையின் மேல் போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். 5,12,000இன் மேல் போட்டிருந்தால் உடனே கேள்வி கேளுங்கள்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. அது முக்கியம், ஏனென்றால் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி சாதாரணக் கடனுக்குத் தீர்ப்புக்குப் பிறகு 6 சதவீதம்தான் உச்சம். வணிகக் கடன் என்றால் மட்டும் அதற்கு மேல் போகலாம். டிக்ரியில், அதாவது தீர்ப்பாணையில், மேல்வட்டி (தீர்ப்புக்குப் பிறகு ஓடும் வட்டி) பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை என்றால், நீதிமன்றம் அதை மறுத்துவிட்டதாகவே அங்கே பொருள். இங்கிலாந்தில் 1993 முதல் 8 சதவீதம், ஆனால் கவுண்டி நீதிமன்றத்தில் 5,000 பவுண்டுக்குக் குறைந்த தீர்ப்புக்குப் பொதுவாக வட்டி ஓடாது. சிங்கப்பூரில் வழக்கமான விகிதம் 5.33 சதவீதம். நியூயார்க் மாநிலத்தில் 9 சதவீதம் என்றிருந்ததை, தனிமனிதரின் நுகர்வோர் கடனுக்கு மட்டும் 2022இல் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் அரசின் ஓராண்டுக் கடன் பத்திர விகிதத்தை ஒட்டி வட்டி போட்டு, ஆண்டுக்கொரு முறை அசலோடு சேர்க்கிறார்கள். ஆகவே உங்கள் 8 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். தீர்ப்பிலேயே இருக்கிறதா, சட்டத்தில் இருக்கிறதா, அல்லது வக்கீலின் கணக்குத் தாளில் மட்டும் இருக்கிறதா? தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பத்தியை விரலை வைத்து நிதானமாகப் படியுங்கள். 5,00,000 என்பது முழுவதும் அசலா, அல்லது வழக்குக்கு முந்தைய வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்த தொகையா? சில நாடுகளில் எல்லாம் சேர்ந்த மொத்தமே புது அசலாகிவிடும். இந்தியாவில் அப்படியில்லை, தீர்மானிக்கப்பட்ட அசலின் மேல் மட்டும்தான் மேல்வட்டி. அந்த 5,00,000இல் 1,00,000 பழைய வட்டி என்றால், அங்கே ஆண்டுக்கு 8,000 உங்களிடம் அதிகமாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். என் அனுபவத்தில் தவறு அதிகம் ஒளிந்திருப்பது இந்த இடத்தில்தான். பெருக்கல் சரியாக இருக்கும், எதைப் பெருக்கினார்கள் என்பது தப்பாக இருக்கும்.

அடுத்தது, அந்த 1,50,000. கொடுக்கலாம், ஆனால் நாளைக்கே ஓடிப்போய்க் கொடுத்துவிடாதீர்கள். மொத்தமாகக் கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு வலு உண்டு. அது கொடுக்கும் வரைதான். ஒரு பெருந்தொகை உடனே வருகிறது என்றால் வட்டியைத் தள்ளிவிடவோ, இனி வட்டி ஓடாமல் நிறுத்திக்கொள்ளவோ சம்மதிக்கிற, கடன் கொடுத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

அவர்கள் இறங்கி வரவே இல்லை என்றாலும் கொடுப்பது லாபம்தான். 12,000 நிலுவை வட்டிக்குப் போக, 1,38,000 அசலில் கழியும். அசல் 3,62,000 ஆகும். மாத வட்டி ஏறத்தாழ 2,413ஆக இறங்கும். அப்போது நீங்கள் கட்டும் அதே 3,000இல் 587 அசலுக்குப் போகத் தொடங்கும். சேமிப்பைத் தொடவே முடியாத நிலை என்றால் மாதத் தவணையை ஏற்றுங்கள். 5,000 என்றால் முதல் 7 மாதம் பழைய நிலுவைக்கே சரியாகப் போகும், மொத்தக் கடனும் தீர 14 ஆண்டுக்கு மேல் ஆகும். 8,000 கட்ட முடிந்தால் சுமார் 7 ஆண்டில் முடிந்துவிடும். தவணை இரட்டிப்பாகக்கூட இல்லை, காலம் பாதியாகிவிடுகிறது. ஆனால் வீட்டுச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் வேண்டிய பணத்தை வழித்துக் கொடுத்துவிட்டு, அதற்காக வேறு இடத்தில் வட்டிக்கு வாங்காதீர்கள்.

எதிர்த்தரப்பு பணத்தை வாங்க மறுத்தாலோ கணக்கில் தகராறு வந்தாலோ, நீதிமன்றத்தில் டெபாசிட் செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் அப்படிக் கட்டினால், கட்டிய செய்தி எதிர்த்தரப்புக்கு முறையாகப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி நின்றுவிடும். பணம் கட்டியதோடு திரும்பி வந்து, அறிவிப்பு அனுப்பாமல் விட்டவர்களுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மேல்முறையீடு போட்டதால் மட்டும் வட்டி நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே கைக்குக் கை கொடுத்தால் அதைப் பதிவு செய்யாமல் விடக் கூடாது. இந்தியாவில் 30 நாளுக்குள் மனுப்போட்டுப் பதிவு செய்யாத பணத்தை, நிறைவேற்று மனுவை (டிக்ரிப்படி வசூலித்துத் தரக் கேட்கும் மனுவை) விசாரிக்கும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. டிக்ரியை நிறைவேற்றக் கேட்பதற்கோ 12 ஆண்டுக் காலம் இருக்கிறது. உங்கள் நாட்டில் விதி எப்படியிருந்தாலும், இதுவரை கட்டிய 36 தவணைக்கும் ரசீதோ வங்கிப் பதிவோ இருக்கிறதா என்று இன்று மாலையே எடுத்துச் சரிபாருங்கள். இல்லாதவற்றுக்கு, 1,08,000 பெற்றுக்கொண்டதாக அந்த வக்கீலிடமே எழுதி வாங்குங்கள். இப்போது கேட்டால் மறுக்க மாட்டார், அவர் அனுப்பிய கணக்கே அதை ஒப்புக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஜாமீன்தாரராக நீங்கள் கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை, பொதுவாக எல்லா நாட்டுச் சட்டத்திலும் உங்களுக்கு உண்டு. வட்டியாகப் போன 1,08,000மும் அதில் சேரும். அதற்கும் காலக்கெடு இருக்கிறது. தம்பிமேல் வழக்குப் போடச் சொல்லவில்லை, அது உங்கள் குடும்பம், உங்கள் முடிவு. ஆனால் இந்தக் கணக்குத் தாளின் ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். மாதம் 333 துண்டு விழுகிற இடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள். அந்த 333ஐயாவது அவர் இந்த மாதத்திலிருந்து தரட்டும்.