ஆண்டவரிடம் கோபப்படலாமா? கஷ்ட காலத்து விசுவாசம் பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடமாக ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிகளோடு ஜெபிக்கப் போய்வருகிறேன். பாஸ்டர் இல்லை, இறையியல் பட்டமும் இல்லை. கஷ்டத்தில் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு, வேதத்திலும் கட்டிலருகிலும் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அப்பா இறந்து நாலு மாதம். ஜெபிக்க உட்கார்ந்தாலே ஆண்டவர்மேல் கோபம்தான் வருகிறது. இது பாவமா?

பதில்: இல்லை தம்பி. சங்கீதம் 88-ஐ ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கிவிட்டீர் என்ற குற்றச்சாட்டோடு நின்றுவிடும். ஆனால் எப்படி ஆரம்பிக்கிறது பாருங்கள்: “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே.” சண்டை போடுவதும் அவரோடுதான். அவரைப் பற்றி வெளியே புலம்பித் திரிவது வேறு, அவர் முகத்தைப் பார்த்தே கேட்பது வேறு.

எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபு இன்னும் காட்டமாகப் பேசினார், தான் பிறந்த நாளையே சபித்தார். அவருடைய நண்பர்களோ கடவுளுக்கு வக்கீலாக நின்று பக்தியாகப் பேசினார்கள். 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது? அந்த நண்பர்கள்மேல். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபுவையும் அவர் சும்மா விடவில்லை, நாலு அதிகாரம் கேள்வி கேட்டுத் திணறடித்தார். ஆனால் ‘ஏன் கேட்டாய்’ என்று தள்ளிவிடவில்லை. உங்கள் கோபத்தை அப்படியே ஜெபமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லையே சிஸ்டர்?

பதில்: அந்த வசனம் 1 கொரிந்தியர் 10:13. அங்கே அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையிடம் பேசிக்கொண்டிருப்பது விக்கிரக ஆராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு பற்றி, அதாவது பாவத்தில் விழத் தூண்டும் சோதனை பற்றி. நம் தமிழில் ‘சோதனை’ என்றால் அதுவும்தான், வாழ்க்கையில் வரும் இடியும்தான். (கிரேக்கச் சொல்லுக்கும் இதே இரட்டை அர்த்தம் உண்டு.) அதனால் புற்றுநோய்க்கும் கடனுக்கும் இந்த வசனத்தை எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

அதே பவுல், அதே சபைக்கு, அடுத்த நிருபத்தின் முதல் அதிகாரத்தில் என்ன எழுதுகிறார்? ஆசியாவில் எங்களுக்கு நேர்ந்தது “எங்கள் பலத்திற்கு மிஞ்சின” பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். தாங்க முடியவில்லை என்று அப்போஸ்தலனே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும்போது நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்? நம்மேல் நம்பிக்கை வைக்காமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் வைக்கும்படிக்குத்தான் அது நடந்தது என்பது அவர் கண்ட விளக்கம். அதுவும் அவர் தன் பாடுகளைப் பற்றிச் சொன்னது. படுக்கையில் கிடக்கும் இன்னொருவரிடம் போய் முதல் நாளே இதை ஒப்பிக்காதீர்கள்.

கேள்வி: குணமாகவில்லை என்றதும் ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்கிறார்கள்.

பதில்: தன் மாம்சத்தில் ஒரு ‘முள்’ என்று பவுல் சொன்ன உபத்திரவம் நீங்க வேண்டும் என்று அவர் மூன்று தரம் வேண்டினார், முள் நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் கிடைத்தது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் மூன்று தரம் ஜெபித்தார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. இவர்களுக்கும் விசுவாசம் போதவில்லையா என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வம்பு வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. ஆவிக்குரிய பலவீனமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் மா. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடி தூங்க விட்டு, மறுபடி கொடுத்தான். ஓரேப் மலையில் ஆண்டவரின் அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது நாற்பது நாள் நடந்த பிறகு. வார்த்தை வராத நாளில் பெருமூச்சே போதும். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26-இல் இருக்கிறது. எலியாவைப் போல உங்களுக்கும் சாவு எண்ணம் வந்தால், இன்றைக்கே டாக்டரிடமும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். ‘சிலுவையைச் சும’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: அது சிலுவை இல்லை. கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்காக நாமாக ஏற்றுக்கொள்வதுதான் சிலுவை. தமஸ்குவில் கொல்லத் தேடியபோது பவுல் கூடையில் மதில்வழியாக இறங்கித் தப்பினார். கல்லெறிய வந்தபோது இயேசுவும் மறைந்து தேவாலயத்தை விட்டுப் போய்விட்டார். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பு, சமரசம் எல்லாம் அங்கே இருந்துகொண்டு யோசிக்கலாம்.

கேள்வி: நண்பன் குழந்தையை இழந்துவிட்டான். போய் என்ன பேசுவது?

பதில்: ஒன்றும் பேச வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கேள்வி: உங்களுக்கு எப்போது பெலன் வந்தது அக்கா?

பதில்: தேதி தெரியாது. கணவர் இரண்டு வருடம் படுக்கையில். ராத்திரி மருந்து கொடுத்தபின் அவருக்கு சங்கீதம் 13 வாசிப்பேன். ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை வரும். அதோடு மூடிவிடுவேன். ஐந்தாம் வசனத்தில், உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று வருமே, அதை வாசித்தால் பொய் சொல்வதுபோல் இருக்கும். பல மாதம் இப்படி. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் நிறுத்த மறந்து கடைசிவரை போய்விட்டேன். அவர் கண்ணை மூடியபடியே, “இன்னைக்கு முழுசா வாசிச்சிட்டியே” என்றார்.

நோய் குறையவில்லை. ஒன்றரை மாதத்தில் போய்விட்டார். அந்த வேதாகமம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. 13-ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும்.