தோளில் எத்தனை பட்டை?

அன்புள்ள ஐயா,

விமானப் பயிற்சி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நானும் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை பதினோரு மணி நேரம் பறந்திருக்கிறேன், எல்லாமே பயிற்றுநர் பக்கத்தில் இருக்க. எங்கள் பள்ளியில் முதல் நாளிலிருந்தே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, டை, தோளில் ஒரு பட்டை. பயிற்றுநர்களுக்கு மூன்று பட்டை, தலைமைப் பயிற்றுநருக்கு நான்கு.

போன வாரம் ஒரு வேலையாகப் பயணிகள் முனையத்துக்குள் போயிருந்தேன். வயதான அம்மா ஒருவர் என்னை நிறுத்தி, "இந்த விமானத்தை நீதான் ஓட்டப்போறியா தம்பி? பாத்து ஓட்டுப்பா" என்றார். சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. எனக்கு இன்னும் ஒழுங்காகத் தரையிறக்கவே வராது. வேஷம் கட்டிக்கொண்டு திரிவது போல இருக்கிறது. வேறு பள்ளியில் படிக்கும் நண்பன் டி-ஷர்ட்டில் பறக்கிறான், என்னைப் பார்த்தால் "மாறுவேடப் போட்டியா?" என்று கிண்டல். எங்கள் பயிற்றுநரோ, ஒழுக்கம் சட்டையில்தான் தொடங்குகிறது என்கிறார். மாணவர்களும் பயிற்றுநர்களும் விமானி சீருடை போடத்தான் வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த அம்மாவிடம் நீங்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. உங்கள் சட்டை சொன்னது. வெட்கம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

விமானிகள் முதலில் போட்டதெல்லாம் வேலைக்கான உடை. திறந்த காக்பிட்டில் குளிர் எலும்பைத் துளைக்கும், அதனால் தோல் கோட்டு. முதல் உலகப் போர்க் காலத்து ரோட்டரி எஞ்சின்களுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். அது எரிந்தும் எரியாமலும் பின்னால் வந்து முகத்தில் அடிக்கும், அதனால் கண்ணாடி. தலையை ஓயாமல் திருப்பித் திருப்பி வானத்தைப் பார்த்தால் கோட்டுக் காலர் கழுத்தை அறுக்கும், அதனால் பட்டுத்துணி. சினிமாவில் ஸ்டைலாகப் பறக்கும் அந்தத் துணி, உண்மையில் கழுத்துப் புண்ணுக்கும் எண்ணெய் துடைக்கவும் வைத்துக்கொண்டது.

வெள்ளைச் சட்டையும் தங்கப் பட்டையும் வந்த கதை வேறு. 1930களின் தொடக்கத்தில் பான் அமெரிக்கன் என்ற விமான நிறுவனம் கடலில் இறங்கி ஏறும் பெரிய 'பறக்கும் படகு'களை ஓட்டத் தொடங்கியது. பணம் கொடுத்து ஏறவேண்டியவர்களுக்கோ விமானம் என்றாலே பயம். தோல் கோட்டும் எண்ணெய் முகமுமாக ஒருவர் வந்து "ஏறுங்க" என்றால் யார் ஏறுவார்கள்? கப்பலை நம்பிப் பழகியவர்கள் அவர்கள். ஆகவே விமானிக்குக் கப்பற்படை அதிகாரியின் உடையை மாட்டிவிட்டார்கள். பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள்: கேப்டன், ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை விமானி). மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்தன. கேப்டனுக்கு நான்கு, ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு மூன்று என்பது அப்படி ஊன்றிப்போன வழக்கம். எந்தச் சர்வதேச விதியிலும் அது இல்லை. உங்கள் தலைமைப் பயிற்றுநரின் நான்கு பட்டை, பள்ளி தைத்துக் கொடுத்த நான்கு பட்டை, அவ்வளவுதான்.

ஆக, இந்த உடை முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதற்காகத் தைத்தது. பயந்திருக்கும் பயணியிடம் "இவரை நம்பலாம்" என்று அது சொல்லும். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் ஒரு செஸ்னா 152-இல் அதற்கு யாரிடம் பேச வேலை இருக்கிறது? உங்களுக்குப் பதினோரு மணி நேரம் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். அவர்தான் பயிற்றுநர் என்று உங்களுக்கும் தெரியும்.

சரி, வேலைக்காவது அந்தச் சட்டை உதவுகிறதா? பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கிறீர்களே, அப்போது கவனியுங்கள். இறக்கைக்குக் கீழே குனிந்து, டேங்கின் வடிகுழாயில் ஒரு குப்பியை அழுத்திப் பெட்ரோல் பிடிக்கிறீர்கள். நூறு ஆக்டேன் பெட்ரோல், சாயம் போட்ட வெளிர்நீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் ஒரு முத்துப்போல உருண்டு நிற்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது முழங்கை வழியாக இரண்டு சொட்டு சட்டைக்குள் இறங்கும். அப்புறம் எஞ்சின் எண்ணெய்: டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைக்கத் துணி அகப்படாமல் கையில் துடைத்து, அந்தக் கையாலேயே டையைச் சரிசெய்வோம். பிரேக்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க மண்டியிட வேண்டும். எழுந்திருக்கும்போது செஸ்னாவின் இறக்கைக்குப் பின்னால் இருக்கும் ஃபிளாப் மடலின் விளிம்பு நெற்றியைப் பதம் பார்க்கும். என் நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் வெள்ளைச் சட்டை! சட்டை அழுக்காகிவிடுமே என்று இறக்கைக்குக் கீழே குனியாமல் நின்றபடியே "எல்லாம் சரி" என்ற மாணவனை நான் பார்த்திருக்கிறேன். அவனைத் திட்டினேன். சட்டையையும் சேர்த்துத் திட்டியிருக்க வேண்டும்.

துணி என்ன துணி என்பதை யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் விமானிச் சட்டைகளில் பாலியஸ்டர்தான் அதிகம். கசங்காது, இஸ்திரி போட வேண்டாம். ஆனால் தீப்பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. கம்பளி இன்னும் மேல். பள்ளி எந்த நிறம் சொன்னாலும் சரி, பருத்தியில் வாங்குங்கள். காலுக்கு மெல்லிய அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ; விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர் பெடலைப் பாதம் உணர வேண்டும். டை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிளிப் வைத்த டை. சுழலியின் (புரொப்பெல்லர்) பக்கத்திலும் எஞ்சின் மூடிக்குள்ளும் தலையை நீட்டுகிற வேலையில் கழுத்தில் கயிறு தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது.

இனி உங்கள் பயிற்றுநர் சொன்ன ஒழுக்கம். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. காலையில் என்ன போடுவது என்ற யோசனை இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளையும் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளையும் ஒரே மாதிரி நிற்கிறார்கள். நாளை விமான நிறுவனத்தில் சேரப்போகிறவர்களுக்கு அந்த உடையில் பழகுவதும் நல்லதே. ஆனால் உடை புத்தியைக் கூராக்கும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஒரு கவனச் சோதனையில் குறைவாகத் தப்பு செய்தார்கள் என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்தது, எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2019-இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. செக்லிஸ்ட்டை மனப்பாடமாக ஒப்பிக்காமல் விரலை வைத்து வரிவரியாகப் படிப்பவன், ராத்திரி தூங்கவில்லை என்றால் "இன்று வேண்டாம் சார்" என்று சொல்பவன், இவர்களைத்தான் நான் ஒழுக்கமானவர்கள் என்பேன். இதில் பாதிப் பேர் கசங்கிய சட்டையில் வந்தவர்கள்.

உங்கள் ஒரு பட்டையை விட எனக்கு உறுத்துவது பயிற்றுநரின் பட்டைதான்.

1974-இல் லெனார்டு பிக்மன் என்ற உளவியலாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் செய்த சோதனைகளை வெளியிட்டார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, கீழே கிடக்கும் பையை எடு, அந்த ஆளுக்குக் கார் நிறுத்தும் மீட்டரில் போடக் காசு கொடு, பஸ் நிறுத்தத்தில் அந்தப் பக்கம் போய் நில் என்று சொல்ல வேண்டும். சொல்பவர் ஒருமுறை சாதாரண உடையில், ஒருமுறை பால்காரர் உடையில், ஒருமுறை காவலாளி உடையில். காவலாளி சொன்னதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். அவர் போலீஸ்கூட இல்லை, வெறும் காவலாளி. தெருவில் அப்படி என்றால், பக்கத்து இருக்கையில் மூன்று பட்டையோடு உட்கார்ந்திருப்பவர் முன்னால் பதினோரு மணி நேரக்காரர் வாய் திறப்பாரா?

நான் பயிற்றுநராக இருந்தபோது நடந்தது இது. என் தோளிலும் மூன்று பட்டை. மாணவன் தரையிறங்க ஓடுபாதைக்கு நேரே வந்துகொண்டிருந்தான். நான் அவனுடைய வேகத்தைப் பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டே இருந்தேன். அந்தக் காலத்தில் நிறையப் பேசுவேன். முந்நூறு அடி உயரத்தில் தலை நிமிர்த்திப் பார்த்தால், ஓடுபாதைக்குள் இன்னொரு விமானம் நுழைந்து நிற்கிறது. முழு விசை கொடுத்து மேலே ஏறினோம். ஒன்றும் ஆகவில்லை. இறங்கி எஞ்சினை அணைத்த பிறகு, "அந்த விமானத்தை எப்போது பார்த்தாய்?" என்று கேட்டேன்.

"திரும்பும்போதே பார்த்தேன் சார். நீங்களும் பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

அதற்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தோளிலிருந்தும் பட்டை உறைகளை உருவி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். பள்ளி நிர்வாகம் இரண்டு முறை கேட்டது. தோய்க்கப் போட்டிருக்கிறேன் என்றேன்.

பட்டையைக் கழற்றியதும் மாணவர்கள் எல்லோரும் வாய் திறந்து பேச ஆரம்பித்துவிட்டார்களா? இல்லை. வயது, "சார்" என்ற விளிப்பு, பறந்த நேரத்தை எழுதும் லாக்புக்கில் என் கையெழுத்து, எல்லாமே பட்டைகள்தான். பிறகு நான் ஒவ்வொரு முறையும் ஏறும் முன் ஒன்று சொல்ல ஆரம்பித்தேன்: "இன்றைக்கு நான் இரண்டு தப்பு செய்யப்போகிறேன். வேண்டுமென்றே செய்வேன். கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்." அதற்குத்தான் பலன் இருந்தது. சில நாள் மூன்று கண்டுபிடித்துச் சொல்வார்கள். மூன்றாவது நான் வேண்டுமென்று செய்தது அல்ல.

பெரிய விமானங்களிலும் இந்த மௌனம் உண்டு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரிஃப் தீவில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே கிளம்பிய, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு தேர்வு வைத்துத் தேறவைத்தவரும் அவரே. எதிர் விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதா என்று பின்னாலிருந்த ஃபிளைட் எஞ்சினியர் கேட்கவும் செய்தார். கேப்டன் அழுத்தமாகச் சொன்ன பதிலில் பேச்சு முடிந்துபோனது. பனிமூட்டம், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கேட்காமல் போன வானொலிப் பேச்சு என்று காரணங்கள் பல. பட்டைதான் கொன்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் துணை விமானியின் இடத்தில் என் மாணவனை வைத்துப் பார்க்காமல் என்னால் அந்த அறிக்கையைப் படிக்க முடிவதில்லை.

ஆகவே என் கட்சி இது. பள்ளிப் பெயர் போட்ட ஒரே மாதிரிச் சட்டை, மாணவருக்கும் பயிற்றுநருக்கும், இருக்கட்டும். தோளில் பட்டை இரண்டு பேருக்குமே வேண்டாம். உரிமம் பெறாதவருக்கு அது பொய். உரிமம் பெற்றவருக்குப் பயிற்சி விமானத்தில் அதனால் உபயோகம் இல்லை. வார இறுதியில் ஆசைக்குப் பறக்க வரும் அறுபது வயதுக்காரரை டை கட்டச் சொல்வதெல்லாம் அநியாயம், அவரை விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் பள்ளியின் விதி உங்கள் பள்ளியின் விதி. இதற்காகப் போய்ச் சண்டை போடாதீர்கள், அதற்குக் கொடுக்கும் நேரத்தில் தரையிறக்கம் பழகலாம். தோளில் இருப்பது உறை மாதிரி உருவக்கூடியதுதானே? முனையத்துக்குள் போகும்போது உருவிப் பைக்குள் வையுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே தீ எச்சரிக்கை மணி அடித்தால் கூட்டம் சட்டைக்காரரைத்தான் பார்க்கும், எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்கும். உங்களுக்குத் தெரியாது.

பட்டையோடு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். அதில் தப்பே இல்லை, நானும் அனுப்பினேன்.

இன்னொன்று. முதல்முறை தனியாகப் பறந்து இறங்கியதும் மாணவரின் சட்டை முதுகைக் கத்தரித்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டுகிற வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. முன்னும் பின்னுமாக உட்காரும் பழைய பயிற்சி விமானங்களில் எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. பின்னாலிருக்கும் பயிற்றுநர் மாணவனின் சட்டை வாலைப் பிடித்து இழுத்துத்தான் கூப்பிடுவாராம். தனியாகப் பறந்தவனுக்கு அந்த வால் எதற்கு என்று வெட்டிவிடுவார்கள். என்னுடையதை வெட்டியபோது அது வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத சீருடைச் சட்டை. கையும் காலரும் பட்டை வைத்த தோளும்தான் மிச்சம். பயிற்றுநர் ஒருநாள் கதவைத் திறந்து இறங்கி, "நீங்களே ஒரு சுற்றுப் போயிட்டு வாங்க" என்பார். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். பதினோரு மணி நேரம் என்கிறீர்கள். இந்த வாரத்திலிருந்து பழைய சட்டையையே போட்டுக்கொண்டு போங்கள்.