‘கிளிப்’ என்றால் வெட்டுவதா, வேகமா?

கேள்வி: ‘கிளிப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முடியை வெட்டுவது என்றும் பொருள் இருக்கிறது, வேகமாகப் போவது என்றும் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. ஆனால் கொடியில் வேட்டி பறக்காமல் இருக்க மாட்டுகிறோமே, அந்தக் கிளிப்பை முதலில் தள்ளி வையுங்கள். அது வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் ‘கிளிப்பன்’ என்றால் கட்டிப்பிடிப்பது. பேப்பர் கிளிப், ஹேர் கிளிப் எல்லாம் அந்த வழி வந்தவை.

வெட்டுகிற கிளிப், வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கிளிப்பா’விலிருந்து வந்தது. 1200 வாக்கில் ஆங்கிலத்தில் தென்படுகிறது. ஆட்டு ரோமம் கத்தரிப்பது, பறவையின் இறகைக் குறைப்பது எல்லாம் கிளிப்தான். வீடியோ கிளிப்பும் ஒரு காலத்தில் படச்சுருளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுதான். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுவதையும் இந்தச் சொல்லால் சொல்வார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது காசு கதை. இங்கிலாந்தில் வெள்ளிக் காசின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்துவிட்டு, காசை முழு மதிப்புக்கே தள்ளிவிடுவார்கள். அதற்குப் பெயர் கிளிப்பிங். ராஜத்துரோகம் என்று மரண தண்டனையே கொடுத்தும் நிற்கவில்லை. கடைசியில் 1696-ல் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாக அச்சடித்தார்கள். நியூட்டன் நாணயச்சாலைப் பொறுப்புக்கு வந்ததும் அதே வருஷம்தான். செட்டிநாட்டில் ஆயா காலத்து ஜார்ஜ் தலை பவுன் காசு வீட்டில் இருந்தால் எடுத்து விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வரிவரியாக நெருடும். சீவினால் உடனே காட்டிக்கொடுக்கத்தான் அப்படி வரி வைக்கத் தொடங்கினார்கள்.

சரி, வேகம் எங்கிருந்து வந்தது? 1600களில் பறவை விரைந்து பறப்பதைச் சொல்ல இதே ‘வெட்டு’ச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். நாம் ‘காற்றைக் கிழித்துக்கொண்டு போனான்’ என்கிறோமே, அந்த மாதிரி. அப்புறம் 1800களில் அமெரிக்காவில் ஓடுவது, விரைவது என்று பொருள் விரிந்தது. ‘நல்ல கிளிப்பில் போகிறது’ என்றால் நல்ல வேகத்தில் போகிறது என்று அர்த்தம்.

‘கிளிப்பர்’ முதலில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். பிறகுதான் அது வேகமான பாய்மரக் கப்பலுக்குப் பெயரானது. அலையை வெட்டிக்கொண்டு போனதால் அந்தப் பெயர் என்பாரும் உண்டு. வேகம் என்ற பொருளிலிருந்தே வந்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சீனத் தேயிலை ஏற்றிய கட்டி சார்க் இந்த வகைக் கப்பல்தான். பாவம், அது கடலில் இறங்கியது 1869 நவம்பர் 22, சூயஸ் கால்வாய் திறந்து ஐந்தே நாளில். கால்வாய் வழியாக நீராவிக் கப்பல்கள் குறுக்கே போகத் தொடங்கியதும் தேயிலை வியாபாரத்தில் கிளிப்பர்களின் காலம் முடிந்தது. அதே கால்வாயால் பர்மா அரிசிக்கு ஐரோப்பா பக்கமானது, ஐராவதிக் கழிமுகத்தில் நெல் பெருகியது, நகரத்தார் செட்டியார்கள் அங்கே கொடுத்த கடனும் பெருகியது. காரைக்குடிப் பக்கம் வளவு வளவாக நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களில் அந்தப் பணமும் இருக்கிறது.