டாக் வாங்குமுன்: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்தே ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பி கொடுத்துப் பாட்டுக் கேட்டு வருகிறேன். எண்வடிவ இசையை மின்னழுத்தமாக மாற்றும் டாக் (DAC) என்ற கருவியைத் தனியாக வாங்கினால் ஒலி அடியோடு மாறிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: உங்கள் கணினிக்குள்ளும் ஒரு டாக் இருக்கத்தான் செய்கிறது. எண்களாகச் சேமிக்கப்பட்ட இசையை மின்னழுத்தமாக மாற்றித்தர ஒன்று இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஒலியே வராது. ஆகவே பார்க்க வேண்டியது, இருப்பதில் என்ன குறை என்பதைத்தான். பாட்டை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை வழக்கமான அளவிலேயே வைத்து, ட்வீட்டருக்கு (கீச்சொலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கருக்கு) ஒரு சாண் தூரத்தில் காதைக் கொண்டுபோய், மவுஸை மெல்ல நகர்த்திப் பாருங்கள்; பெரிய கோப்பு ஒன்றையும் திறந்து பாருங்கள். கையசைவுக்கு ஏற்ப ‘கிர்ர்’ என்ற மெல்லிய ஒலி ஏறி இறங்கினால், கணினிக்குள் ஓடும் மின்னிரைச்சல் இசையோடு கலந்து வருகிறது என்று பொருள். அப்படியானால் வெளியே தனியாக இருக்கும் எளிய டாக் ஒன்றே உடனடி நிவாரணம் தரும். எதுவும் கேட்கவில்லையென்றால் கிடைக்கப்போகும் மாற்றம் சிறியதாகவே இருக்கும். அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குச் சேர்த்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து உண்டாக்கும் ஏற்ற இறக்கம் பல டெசிபெல். ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டாக்குகளுக்கு இடையே இருப்பது அதில் மிகச் சிறு பங்கு.

கேள்வி: ஈஎஸ்எஸ் சிப், ஏகேஎம் சிப், மின்தடை ஏணி வகை ஆகியவற்றில் எது உயர்ந்தது?

பதில்: சிப்பின் பெயரை வைத்து டாக்கை மதிப்பிடுவது, பேனாவைப் பார்த்துக் கையெழுத்தை மதிப்பிடுவதைப் போன்றது. ஒரே சிப்பை வைத்துச் சிறப்பான கருவியும் செய்யலாம், இரைச்சல் மிகுந்த கருவியும் செய்யலாம். மின்வழங்கல், மாற்றத்தின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் கடிகாரச் சுற்று, சிப்புக்குப் பின்னால் வரும் வெளியீட்டுச் சுற்று ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோக்காவில் ஏகேஎம் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தபோது, பல தயாரிப்பாளர்கள் வேறு சிப்புக்கு மாற நேர்ந்தது. சுற்றை நன்றாக வடிவமைக்கத் தெரிந்தவர்கள் புதிய சிப்பிலும் நல்ல கருவிகளையே தந்தார்கள்.

மின்தடை ஏணி வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய மின்தடைகள் அடுக்கப்பட்டிருக்கும். 16 பிட்டுகளுக்கு 65,536 படிநிலைகள் உண்டு என்பதால், மேல் பிட்டுக்குரிய மின்தடையில் ஏறத்தாழ 0.003 விழுக்காடு பிழை இருந்தாலே, கடைசி பிட்டின் அளவுக்குத் தவறு வந்துவிடும். அத்தனை துல்லியமான மின்தடைகளைச் செய்வதும், வெப்பம் ஏறும்போதும் அந்தத் துல்லியத்தைக் காப்பதும் எளிதல்ல. இந்தச் சிக்கல் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1982-இல் குறுந்தகடு வெளிவந்தபோது பிலிப்ஸ் தன் முதல் பிளேயரில் 14 பிட் சிப்பைத்தான் வைத்தது. ஆனால் மாதிரி வேகத்தை (நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற எண்ணிக்கையை) நான்கு மடங்காக்கி, இரைச்சலைக் கேட்கும் எல்லைக்கு மேலே தள்ளி, 16 பிட்டுக்கு நிகரான பயனைப் பெற்றது. ஈஎஸ்எஸ், ஏகேஎம் போன்ற இன்றைய டெல்டா சிக்மா வகைச் சிப்புகள் அதே எண்ணத்தை இன்னும் நெடுந்தூரம் கொண்டுபோனவையே. ஏணி வகையின் ஒலி பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது கூடுதல் துல்லியமானது என்று எண்ணி வாங்க வேண்டாம்.

கேள்வி: நண்பரின் டாக்கை வாங்கி வந்து என்னுடையதோடு ஒப்பிட்டேன். அதில் பாடகர் முன்னால் வந்து நின்று பாடுவதுபோல் இருந்தது. அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். இதே அனுபவம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. இரண்டு டாக்குகளை ஒரு மாதம் மாற்றி மாற்றிக் கேட்டு, புதியதில்தான் உயிர் இருக்கிறது என்று முடிவுகட்டி, பழையதை விற்பதற்குப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். பிறகு ஏதோ ஐயம் எழ, 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு வெளியீட்டை அளந்தேன். பழையதில் 2.0 வோல்ட், புதியதில் 2.3 வோல்ட், அதாவது புதியது 1.2 டெசிபெல் உரக்க ஒலித்தது. இந்த அளவு வேறுபாட்டை நம் காது ‘சத்தம் கூடுதல்’ என்று உணர்வதில்லை. ‘தெளிவு கூடுதல், நெருக்கம் கூடுதல்’ என்றே உணர்கிறது. பிளேயரில் ஒலியளவைக் குறைத்து, இரண்டையும் 0.1 டெசிபெலுக்குள், அதாவது 2 வோல்ட்டுக்கு 0.02 வோல்ட் வேறுபாட்டுக்குள், கொண்டுவந்த பிறகு, என் கண்ணில் படாமல் கம்பியை மாற்றும்படி தம்பி மகனிடம் சொன்னேன். இருபது முறையில் பதினொரு முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். பழைய டாக் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

சோதனை ஒலிக்கு 1 கிலோஹெர்ட்ஸை எடுக்காதீர்கள். எளிய மல்டிமீட்டர்கள் பலவும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் மாறுமின்னழுத்தத்தைச் சரியாகக் காட்டுவதில்லை.

கேள்வி: 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி என்றெல்லாம் பெட்டியின்மேல் போட்டிருக்கிறார்களே, அவை அவசியமா?

பதில்: அவசியமில்லை. குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத் தாங்கும். 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சைத் தரும். 2007-இல் மேயரும் மோரனும் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவுப் பதிவுகளை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் சுற்று ஒன்றின் வழியே செலுத்தியபோதும், இயல்பான ஒலியளவில் கேட்டவர்களால் வேறுபாட்டைக் கண்டறிய இயலவில்லை. 24 பிட் என்பது கணக்கின்படி 144 டெசிபெல். மின்சுற்றின் வெப்ப இரைச்சல் அதற்கு வெகு முன்பே குறுக்கிடுவதால், மிகச் சிறந்த கருவிகளும் 20, 21 பிட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வசதி இன்று ஏறக்குறைய எல்லா டாக்கிலும் இருக்கிறது, அது போதும். உங்களிடம் டிஎஸ்டி (ஒரே பிட்டில் மிக வேகமாகப் பதியும் ஒலி வடிவம்) கோப்புகள் உண்மையிலேயே இருந்தால் மட்டும் அந்த வசதியைத் தேடுங்கள். எம்க்யூஏ என்ற ஒலிச்சுருக்க வடிவத்தின் முத்திரைக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். அதை உருவாக்கிய நிறுவனம் 2023-இல் நொடித்து வேறு கைக்கு மாறிவிட்டது. டைடல் என்ற இணைய இசைச் சேவையும் 2024-இல் அந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டது.

கேள்வி: தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் கம்பி வழியாக இணைத்தேன். சில நிகழ்ச்சிகளில் ஒலி வருகிறது, சில படங்களில் ஒன்றுமே வருவதில்லை. டாக் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. அந்தப் படங்களின்போது தொலைக்காட்சி டால்பி டிஜிட்டல் வடிவத்தில் ஒலியை அனுப்புகிறது; இரண்டு தட ஒலிக்கான டாக்குகளில் அதைப் பிரித்தறியும் வசதி பொதுவாக இருப்பதில்லை. ஒலி அமைப்புகளுக்குள் சென்று டிஜிட்டல் வெளியீட்டை ‘பிசிஎம்’ (டாக்கால் நேரே படிக்க முடிந்த, சுருக்கப்படாத ஒலி) என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மடிக்கணினியை யூஎஸ்பி வழியாக டாக்கோடு இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஒலி ஓடிக்கொண்டே இருக்கிறது. விலையுயர்ந்த யூஎஸ்பி கம்பி வாங்கினால் சரியாகுமா?

பதில்: கம்பிக்கடைக்குப் போகும் முன், சார்ஜரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை பேட்டரியில் ஓடவிடுங்கள். ஒலி நின்றுவிட்டால், ஆம்ப்ளிஃபையரும் கணினியும் இரண்டு வழிகளில் தரையிணைப்பு பெறுவதால் உண்டான வளையமே காரணம். விலையுயர்ந்த கம்பியிலும் செம்புதான் ஓடுகிறது. வளையம் அப்படியே இருக்கும். ஆப்டிகல் கம்பியில் ஒளி மட்டுமே செல்வதால் அந்த வளையம் அறுந்துவிடும். ஆப்டிகல் வெளியீடு இல்லாத கணினிக்கு யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சிறு கருவி உதவும். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைக் கேட்பவர்கள், அது யூஎஸ்பியின் உயர்வேகத்தைத் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜிட்டரை (மாதிரிகள் வரும் நேரத்தில் ஏற்படும் சிறு தடுமாற்றத்தை)ப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இன்றைய யூஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் ஒத்திசையா முறையில், தம் கடிகாரத்தைக் கொண்டே கணினியிடம் தரவைக் கேட்டு வாங்குகின்றன. ஆகையால் அந்தக் கவலை பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது.

கேள்வி: என் டாக்கில் ஏழு ஃபில்டர்கள் இருக்கின்றன. எதை வைப்பது?

பதில்: எண்களிலிருந்து தொடர் அலையை உருவாக்கும் வெவ்வேறு முறைகளே இந்த ஃபில்டர்கள். தயாரிப்பாளர் முதலில் வைத்து அனுப்பியதையே வைத்திருங்கள். ‘என்ஓஎஸ்’ (மாதிரி வேகத்தைக் கூட்டாமல் அப்படியே மாற்றும் முறை) என்று ஒன்று இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளில் அது 20 கிலோஹெர்ட்ஸை ஏறத்தாழ 3 டெசிபெல் குறைக்கும் என்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். சிலர் அதை ‘இதமான ஒலி’ என்று விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வால்யூம் வசதியுள்ள டாக்கை வாங்கி, ப்ரீஆம்ப்பை (ஒலியளவைக் கட்டுப்படுத்தும் முன்பெருக்கியை) நீக்கிவிட்டு நேரே பவர் ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கலாமா? டிஜிட்டல் வால்யூம் பிட்டுகளை விழுங்கிவிடும் என்கிறார்கள்.

பதில்: இணைக்கலாம். 30 டெசிபெல் குறைத்தால் 5 பிட்டுகள் போகும் என்பது மெய்தான். ஆனால் டாக் 24 அல்லது 32 பிட்டுகளில் கணக்கிடுவதால், 16 பிட் இசைக்குச் சேதம் வருவதில்லை. கவனிக்க வேண்டியது டாக்கின் சொந்த இரைச்சலைத்தான்; டிஜிட்டல் வால்யூமைக் குறைத்தாலும் அது குறைவதில்லை. ஆர்சிஏ துளையில் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் துளையில் 4 வோல்ட் என்பது வழக்கமான வெளியீடு. உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 4 வோல்ட் மிகை; வால்யூமை எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்திருக்க நேரிடும், ட்வீட்டரிலும் சீறல் கேட்கலாம். அவர்கள் ஆம்ப்ளிஃபையரில் உள்ள கெயின் (பெருக்க அளவு) சுவிட்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஓர் அச்சம் இதில் நியாயமானது. சில டாக்குகளில் வால்யூமை வேலைசெய்யாமல் நிறுத்தி, முழு வெளியீட்டையும் தரும் ‘லைன் அவுட்’ நிலை உண்டு; ப்ரீஆம்ப் இல்லாதபோது அந்த முழு ஒலியும் நேரே ஸ்பீக்கரைத் தாக்கும். மின்சாரம் போய்த் திரும்பியதும் எந்த நிலையில் எழுகிறது என்பதை, பவர் ஆம்ப்ளிஃபையரை அணைத்து வைத்துக்கொண்டு, டாக்கின் செருகியைப் பிடுங்கி மாட்டி, திரையில் என்ன எண் வருகிறது என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். ஒருமுறையேனும் முழு அளவில் எழுந்தால் ப்ரீஆம்ப்பை நீக்க வேண்டாம்.