வீட்டிலிருந்து ஒரு சதமும் வராமல் கம்பஸ் படித்து முடிக்கலாமா?

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருக்கிறேன், வீட்டில் காசு தர வழியில்லை, போகலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். போகலாம். நான் 2018 இல் தம்பிலுவிலிலிருந்து ஒரு பையோடு, அந்தக் கம்பஸ் இருக்கிற வந்தாறுமூலைக்குப் போனவன். அப்பா இல்லை. அம்மா இடியப்பம் அவித்து விற்று எனக்குக் கீழே மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த அடுப்பிடம் நான் எதைக் கேட்பது?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, விடுதிக்கும் பெரிதாக இல்லை. நாலு வருடத்தையும் நினைத்துப் பயப்படாதீர்கள், முதல் ஏழெட்டு மாதத்துக்குப் பயப்படுங்கள். பதிவு செய்த அன்றே பசிக்கும். மகாபொல உதவித்தொகை அன்றைக்கு வராது.

மகாபொல 1981 இல் லலித் அத்துலத்முதலி தொடக்கியது. என் காலத்தில் மாதம் 5,000 ரூபா, 2025 இல் 7,500 ஆக்கினார்கள். அந்த நிதியில் ஒரு பங்கு லொத்தர் காசு. பஸ் ஸ்டாண்டில் சீட்டு வாங்கித் தோற்றுப்போகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்பவும் நன்றி சொல்லத் தோன்றும். மகாபொல கிடைக்காவிட்டால் கொஞ்சம் குறைவாக பேர்சரி என்ற இன்னொரு உதவித்தொகை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுக்க ஏலாது.

இவற்றுக்கான படிவத்தில் குடும்ப வருமானம் எழுதி கிராம சேவகரிடம் உறுதிப்படுத்த வேண்டும், படிக்கிற தம்பி தங்கைகளுக்குப் பாடசாலைக் கடிதம் வேண்டும். அப்பாவின் மரணச் சான்றிதழ் பிரதி இல்லையென்று என் படிவம் ஓர் அலுவலக மேசையில் மூன்று கிழமை கிடந்தது. ஒருவரும் சொல்லவில்லை, நானாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், கிழமைக்கொரு தரம் போய் முகத்தைக் காட்டுங்கள்.

பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அக்கரைப்பற்றில் ஓர் அரிசி ஆலையில் நெல் மூட்டைக் கணக்கு எழுதினேன். 46,000 ரூபா சேர்ந்தது. போன் வாங்கு என்று கூட்டாளிமார் அரித்தார்கள். நான் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். என்னைப் படிப்பித்தது அந்தச் சைக்கிள்தான் என்றாலும் பொய்யில்லை. பின்னேரம் நாலரைக்குச் சித்தாண்டிக்கு மிதித்து ஓ.எல். பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணிதம் படிப்பிப்பேன். தலைக்கு 500 ரூபா. ஒரு பிள்ளையின் தாய் காசில்லாத மாதம் தயிர்ச் சட்டி தந்துவிடுவா. அதைச் சிந்தாமல் சைக்கிளில் விடுதிக்குக் கொண்டுவருவது கணிதத்தை விடக் கஷ்டம்.

வட்டிக் காசுப் பக்கம், மைக்ரோ பினான்ஸ் பக்கம் மட்டும் அம்மாவைப் போக விடாதீர்கள். அது தின்ற வீடுகள் நம்மட ஊர்களில் எத்தனை!

அதையும் மீறித் துண்டு விழுந்ததைக் கன்டீன் அண்ணன் கடன் கணக்கு எழுதுகிற சி.ஆர். கொப்பிதான் தாங்கியது. அதில் எனக்கென்று ஒரு பக்கம். மாதத் தொடக்கத்தில் சோறு, பருப்பு, மீன் என்று எழுதியிருக்கும். இருபதாம் திகதிக்குப் பிறகு சோறும் சம்பலும்தான். கடன் ஏறக்கூடாதென்று நானே மீனை வேண்டாம் என்று விடுவேன், பிடிக்காது என்று காரணம் சொல்லி. எட்டாம் மாதம் மகாபொல நிலுவையெல்லாம் சேர்ந்து வங்கியில் விழுந்தது. நேரே போய் 3,400 ரூபாவையும் எண்ணி வைத்தேன். அண்ணன் பக்கத்தைக் குறுக்கே கோடிழுத்து வெட்டினார். மறுகா கோப்பையை எடுத்து, "இண்டைக்கு மீன் பிடிக்குமா மனே?" என்றார்.