சண்டை வராமல் சினிமாப் பாட்டு க்விஸ் நடத்துவது எப்படி?

பத்துப் பதினைந்து பேர் கூடும் இடத்தில் தமிழ் சினிமாப் பாட்டு க்விஸ் நடத்த வேண்டும், கேள்விகளை எப்படித் தயாரிப்பது, சண்டை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், ஏற்கெனவே ஒரு தடவை நடத்தி, யாரோ எழுந்து நின்று "அது தப்பான விடை" என்று சொல்லி, பாதியில் கலைந்த மாதிரி தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு பெரும்பாலும் கேள்வியில்தான் இருந்திருக்கும். கேள்விக்கு இரண்டு சரியான விடை இருந்தால், க்விஸ் மாஸ்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சண்டை வரத்தான் செய்யும்.

உதாரணத்துக்கு, எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி: "எஸ்.பி.பி.யின் முதல் பாட்டு எது?" இதற்கு நான்கு விடை உண்டு. சினிமாவில் முதலில் பாடியது தெலுங்கில், 1966இல். தமிழில் முதலில் பாடியது 'ஹோட்டல் ரம்பா'வுக்காக, அந்தப் படம் வெளிவரவே இல்லை. அடுத்து 'சாந்தி நிலைய'த்துக்காகப் பாடியது 'இயற்கை என்னும் இளையகன்னி'. ஆனால் 1969இல் அதற்கு முன்பே திரைக்கு வந்துவிட்டது 'அடிமைப்பெண்', அதாவது 'ஆயிரம் நிலவே வா'. நான்கு அணிகள் நான்கு விடை எழுதினால் நான்கு பேரும் ஆதாரம் காட்டுவார்கள். "தமிழில் முதலில் வெளிவந்த படப்பாட்டு" என்று கேளுங்கள், பிரச்சினை முடிந்தது. கேள்வியில் 'முதல்' என்ற சொல் வந்தாலே முதலில் பதிவானதா, முதலில் வெளியானதா, எந்த மொழியில் என்ற மூன்றையும் கேள்விக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

ஆண்டு இன்னொரு கண்ணிவெடி. 'மின்சார கனவு' தியேட்டருக்கு வந்தது 1997 ஜனவரியில். அதில் 'தங்கத் தாமரை மகளே' பாடியதற்கு எஸ்.பி.பி. வாங்கிய தேசிய விருது 1996ஆம் ஆண்டுக்கானது. தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேதிதான் கணக்கு, ரிலீஸ் தேதி இல்லை. 'ஒய் திஸ் கொலவெறி' இணையத்தில் வந்தது 2011 நவம்பரில், '3' படம் வந்தது 2012இல். ஆகவே "எந்த ஆண்டுப் பாட்டு" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். படம் வெளியான ஆண்டு என்று சொல்லுங்கள், அல்லது ஓர் ஆண்டு முன்பின் இருந்தாலும் மார்க் உண்டு என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

படப் பெயரைச் சொல்லும்போது கூடவே ஆண்டையும் சொல்வது நல்லது. 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இலும் இருக்கிறது, 2010இலும் இருக்கிறது. 'பில்லா' 1980, 2007. 'தில்லு முல்லு' 1981, 2013. பழைய 'ஆயிரத்தில் ஒருவ'னில் இன்னொரு பொறியும் உண்டு. விஸ்வநாதன்–ராமமூர்த்தி பிரிவதற்கு முன் சேர்ந்து செய்த படம் அது. விடைத்தாளில் வெறும் "எம்.எஸ்.வி." என்று எழுதியவருக்கு முழு மார்க்கா, பாதியா? 'மெல்லத் திறந்தது கதவு' (1986) டைட்டிலில் எம்.எஸ்.வி., இளையராஜா இருவர் பெயரும் வரும். இதையெல்லாம் போட்டிக்கு முன்பே தீர்மானித்துத் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னால் ஓரவஞ்சனை என்பார்கள்.

ஒரே பாட்டு இரண்டு பெயரில் உலவுவதும் உண்டு. பி. சுசீலாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'உயர்ந்த மனிதன்' (1968) பாட்டைப் பாதிப் பேர் 'பால் போலவே' என்பார்கள், மீதிப் பேர் 'நாளை இந்த வேளை பார்த்து' என்பார்கள். முன்னது தொகையறாவின் (பல்லவிக்கு முன் தாளமில்லாமல் வரும் வரிகள்) தொடக்கம், பின்னது பல்லவி. இரண்டுக்கும் மார்க் கொடுங்கள். இதற்கு நேர்மாறாக, 'கருத்தம்மா'வின் 'போறாளே பொன்னுத்தாயி' ஒரே பெயரில் இரண்டு பாட்டு. உன்னிமேனனும் சுஜாதாவும் பாடிய சந்தோஷ வடிவம் ஒன்று, ஸ்வர்ணலதா பாடிய சோக வடிவம் ஒன்று. விருது வாங்கியது சோகம். கிளிப் எந்த வடிவத்திலிருந்து வெட்டியது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் "பாடியவர் யார்" என்று கேட்காதீர்கள்.

குரல் கேள்வி போடுவதானால் குழப்பம் தரும் ஜோடிகள்தான் சுவை. 'செண்பகமே செண்பகமே' மனோ பாடியது, 'பூங்கதவே தாழ் திறவாய்' தீபன் சக்கரவர்த்தி பாடியது. இரண்டுக்கும் எஸ்.பி.பி. என்று எழுதுபவர்கள் ஏராளம். மொத்தப் போட்டியில் இப்படி இரண்டுக்கு மேல் வேண்டாம், எரிச்சலாகிவிடும்.

அடுத்து ஒலி. க்விஸ் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். ஒலியை வெட்டித் தொகுக்கும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், அது போதும். பாட்டை அதில் திறந்து, வேண்டிய ஆறு முதல் எட்டு நொடியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் டியும் (Ctrl+T) சேர்த்து அழுத்தினால் மற்றதெல்லாம் போய்விடும். தொடக்கத்தில் கால் நொடிக்கு ஃபேட் இன் (ஒலி மெல்ல ஏறுவது) போடுங்கள், இல்லையென்றால் 'டப்' என்று கேட்கும். பிறகு எல்லாக் கிளிப்புக்கும் லவுட்னெஸ் நார்மலைசேஷன், அதாவது ஒலி அளவைச் சமப்படுத்துவது, -16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவில். அறுபதுகளின் பதிவு மெலிதாகவும் இரண்டாயிரத்துக்குப் பிந்தையது காதைக் கிழிக்கிற மாதிரியும் இருக்கும், சமப்படுத்தாவிட்டால் வால்யூம் குமிழைத் திருகியே பொழுது போய்விடும். பழைய பாட்டுகளில் பலவற்றை ஸ்டீரியோ போலத் தோன்ற வைத்து ஏற்றியிருப்பார்கள். அவற்றை மோனோவாக்கினால் சில சமயம் பாடகர் குரலே கரைந்துபோகும், ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் சில பதிவுகள் பதிப்புரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்கச் சுருதியைக் கூட்டிக் குறைத்து ஏற்றியவை. சுருதி ஞானம் உள்ளவர் அணியில் இருந்தால் அந்த ஒரு கிளிப்பில் அவர்தான் முதலில் தடுமாறுவார்.

கோப்புப் பெயரை 01, 02 என்று மாற்றினால் மட்டும் போதாது. பாட்டின் பெயர், படப் பெயர், அட்டைப்படம் எல்லாம் கோப்புக்குள் ஐடி3 டேக் என்ற தகவல் பகுதியில் பதுங்கியிருக்கும். டிவியில் இணைத்துப் போட்டால் திரையில் பளிச்சென்று விடை வந்து நிற்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது மெட்டாடேட்டா பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கருக்கு இன்னொரு கெட்ட குணம், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும், விழிக்கும்போது முதல் அரை நொடியை விழுங்கிவிடும். ஆறு நொடிக் கிளிப்பில் அரை நொடி பெரிய இழப்பு. "கேள்வி நான்கு" என்று உங்கள் குரலைப் பதிவு செய்து ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னால் ஒட்டிவிட்டால் ஸ்பீக்கர் அதற்குள் விழித்துக்கொள்ளும், கூட்டமும் அமைதியாகும். ஜூமில் நடத்தினால் ஷேர் செய்யும்போது 'ஷேர் சவுண்ட்' டிக் செய்யுங்கள். மைக் வழியாகப் பாட்டை அனுப்பினால் இரைச்சல் நீக்கும் வசதி வயலினையும் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும்.

எந்த இடத்தை வெட்டுவது? எண்பதுகளின் பாட்டில் பிரிலூடை, அதாவது தொடக்க இசையை, போட்டால் முதல் இரண்டு நொடியிலேயே கை தூக்குவார்கள். இரண்டாவது இன்டர்லூட்தான் (சரணத்துக்கு முன் வரும் இடையிசை) கடினம், அதற்கு அடுத்து முதல் இன்டர்லூட், பிறகு சரணத்தின் நடுவரி, கடைசியில் பிரிலூட். 'ராக்கம்மா கையத்தட்டு' (தளபதி, 1991) நல்ல மாதிரி. தொடக்க வயலின்களைப் போட்டால் அது கேள்வியே இல்லை. நடுவில் 'குனித்த புருவமும்' என்று பெண்கள் சேர்ந்து பாடும் இடம் இருக்கிறதே, அப்பர் தேவாரம், அதில் ஏழு நொடி வெட்டிப் போடுங்கள். பாதி அறை பக்திப் பாடல் ஆல்பம் தேடும். ஒரே பாட்டிலிருந்து கடினமானது முதல் எளிதானது வரை மூன்று கிளிப் போட்டு, முதல் கிளிப்பில் சொன்னால் 10 மார்க், இரண்டாவதில் 6, பிரிலூட் வந்த பிறகு 2 என்று வைத்தால் தெரியாதவர்களும் கடைசி வரை ஆட்டத்தில் இருப்பார்கள். இதே பாட்டை வைத்துத் தகவல் கேள்வி போடுகிறவர்கள் "உலகின் நான்காவது சிறந்த பாட்டு" என்று அடித்துவிடுகிறார்கள். 2002இல் பிபிசி வேர்ல்டு சர்வீஸ் நேயர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் நான்காவது இடம், அவ்வளவுதான். இப்படி எழுதினால் என்னை ராஜா எதிர்ப்பாளன் என்று கமெண்ட்டில் சொல்வார்கள். மேலே நான்கு உதாரணத்தில் ராஜா இருக்கிறார், எண்ணிப் பாருங்கள்.

இணைப்புப் புதிர் வைக்கிறீர்கள் என்றால், விடையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விடையைத் தவிர வேறு எதெல்லாம் பொருந்தும் என்று நீங்களே எதிர்க்கட்சி வக்கீலாக உட்கார்ந்து தேடுங்கள். 'செந்தூரப் பூவே', 'பாடறியேன் படிப்பறியேன்', சோகமான 'போறாளே பொன்னுத்தாயி' மூன்றையும் கொடுத்து என்ன ஒற்றுமை என்று கேட்டால், நீங்கள் நினைத்த விடை தேசிய விருது. ஆனால் "மூன்றும் பெண் குரல்" என்று ஒருவர் எழுதினால் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. நான்காவதாக 'தங்கத் தாமரை மகளே' சேருங்கள், அந்த ஓட்டை அடைபடும்.

மிகவும் எடுபடும் சுற்று, பல்லவியை அரசு அறிவிப்பு நடையில் எழுதுவது. "புவியின் துணைக்கோளுக்கு அறிவிப்பு: நாளை இதே நேரத்தில் விரைந்து ஆஜராகவும்." இதைப் படித்ததும் 'ஆயிரம் நிலவே வா' என்று ஒருவர் கத்துவார், ஆனால் 'நாளை' என்ற சொல் அதைத் தடுத்துவிடும், விடை 'நாளை இந்த வேளை பார்த்து'. "உறங்க வேண்டாமென இளைய சகோதரனுக்கு இருமுறை எச்சரிக்கை" என்றால் விடை 'தூங்காதே தம்பி தூங்காதே'. ஆனால் பட்டுக்கோட்டையார் 1958இல் 'நாடோடி மன்ன'னுக்கு எழுதியதா, 1983இல் அந்தப் பெயரில் வந்த படமா? பாட்டு என்று குறிப்பிட்டுவிடுங்கள். ஒரு சுற்றுக்கு எட்டு, அதில் மூன்று எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும்.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். பாட்டு கேட்கும் செயலிகளில் 'கலைஞர்' என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் பாடியவரைப் பத்தாவது வரிக்குத் தள்ளுகிறார்கள். எழுதியவர் பெயர் பல பாட்டுக்கு இருப்பதே இல்லை. விளைவு, அறுபதுகளில் வந்த நல்ல வரி எல்லாம் கண்ணதாசன் கணக்கில் சேர்ந்துவிட்டது. 'மாதவிப் பொன்மயிலாள்' வாலி எழுதியது, மேலே சொன்ன 'பால் போலவே'யும் வாலிதான். 'குடியிருந்த கோயில்' (1968) படத்தின் 'குங்குமப் பொட்டின் மங்கலம்' ஒரு பெண் எழுதியது, அவர் பெயர் ரோஷனாரா பேகம். இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கண்ணதாசனைக் குறைத்துச் சொல்லவில்லை, அவருக்கு அடுத்தவர் பாட்டு தேவையே இல்லை. ஆகவே பாடலாசிரியர் கேள்விக்குச் செயலியை நம்பாதீர்கள். படத்தின் டைட்டில் கார்டும் போதாது, அதில் பாடலாசிரியர்கள் பெயரை மொத்தமாகத்தான் போடுவார்கள், எந்தப் பாட்டு யாருடையது என்று தெரியாது. பழைய இசைத்தட்டின் லேபிளும் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகமும் பாட்டுவாரியாகச் சொல்லும், இரண்டின் படமும் தேடினால் கிடைக்கிறது.

அளவு: எட்டுக் கேள்வியாக ஐந்து சுற்று, அணிக்கு மூன்று பேர், முடிந்தால் ஒவ்வோர் அணியிலும் ஒரு வயதானவர், ஒரு இளவட்டம். வாயால் கத்தவிடாமல் தாளில் எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தாளை மாற்றித் திருத்தச் சொல்லுங்கள். விடை சொல்வதோடு சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும்.

சமநிலை வந்தால் இன்னொரு பாட்டுக் கேள்வி போடாதீர்கள். ஏற்கெனவே ஒலித்த ஒரு பாட்டைக் காட்டி, முழுப் பாட்டும் எத்தனை நொடி என்று எழுதச் சொல்லுங்கள், கிட்டத்தில் வந்தவர் வெற்றி. "என் போனில் இருக்கும் கோப்பின்படி" என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் படத்தில் வரும் நீளமும் இசைத்தட்டு நீளமும் பல பாட்டில் ஒன்றாக இருக்காது.